கணிப்பொறி வரைபடத்தில் அடுக்கு முறை: டோம்பிவிலி நகரை முன்வைத்து

மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து மத்திய ரயில்வேத் தடத்தில் ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவில் டோம்பிவிலி அமைந்துள்ளது. தானே மாவட்டத்தைச் சேர்ந்த இந்நகரம் 1983ஆம் ஆண்டு முதல் கல்யாண் நகருடன் ஒரே மாநகராட்சியின் கீழ் இருந்து வருகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 12.5 இலட்சம். மாதுங்காவிலும் செம்பூரிலும் வாடகைக்குக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் சொந்த வீடு வேண்டி இங்குக் குடிபெயர்ந்தன. காலை நேர மின்சார ரயிலில் மும்பைக்குச் செல்லும் கூட்டத்தில் கட்டடக் கலைஞர் அலுவலகங்களில் பணிபுரியும் வரைவாளர்களும் உண்டு.

இந்நகரத்தின் நிலத்தை ஒரே ஓர் அமைப்பு மட்டும் திட்டமிடவில்லை. பழைய நகர்ப்பகுதிக்கு மாநகராட்சி திட்ட அதிகாரம் பெற்றுள்ளது. 1960களில் உருவான தொழிற்பேட்டைக்கு மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் தனித் திட்ட அதிகாரமாக விளங்குகிறது. நகரைச் சூழ்ந்த 27 கிராமங்கள் 2002இல் மாநகராட்சியிலிருந்து பிரிக்கப்பட்டு, 2015இல் மீண்டும் சேர்க்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் அவற்றுக்கான திட்டத்தை மும்பைப் பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையம் வகுத்தது. மூன்று அமைப்புகள், மூன்று வரைபடங்கள், மூன்று விதமான குறியீடுகள். ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சுவருக்கும் அடுத்த தெருவிலுள்ள குடியிருப்புக்கும் இடையே எத்தனை மீட்டர் என்ற எளிய வினாவிற்கு விடை காண, இவ்வரைபடங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாக வேண்டும்.

ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் இச்செயலே கணிப்பொறி வரைவில் அடுக்கு, அதாவது லேயர், எனப்படும் அமைப்பின் அடிப்படை. வரைவுப் பயிற்சி பெறும் மாணவர்கள் இதைத் திரையை ஒழுங்காக வைத்துக்கொள்ள உதவும் ஒரு வசதி என்றே பெரும்பாலும் கற்கின்றனர். கட்டட அனுமதி அலுவலகத்தில் அதன் பொருள் வேறு. அங்கு ஒரு கோட்டை எந்த அடுக்கில் வரைவது என்ற தேர்வு, அந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று விண்ணப்பதாரர் அளிக்கும் வாக்குமூலத்திற்கு ஒப்பானது.

துணியிலிருந்து திரைக்கு

கணிப்பொறிக்கு முன்பே இம்முறை வழக்கில் இருந்தது. மெழுகுத் துணியிலும் பின்னர் ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர் தாளிலும் தளப்படத்தை ஒரு தாளிலும், மின்கம்பித் தடத்தை மற்றொரு தாளிலும், கழிவுநீர்க் குழாயை மூன்றாவது தாளிலும் வரைந்து, ஓரத்துளைகளில் ஊசிகளைப் பொருத்தி ஒன்றாக அடுக்கிப் படியெடுப்பர். பல வண்ண நிலப்படங்களை அச்சிடும்போது ஆறுகள், சாலைகள், உயரக்கோடுகள் ஆகியவற்றிற்குத் தனித்தனி அச்சுத்தகடுகள் தயாரிக்கப்பட்டதும் இதே கருத்தின் அடிப்படையில்தான். ஒரு தகட்டில் பிழை நேர்ந்தால் அந்தத் தகட்டை மட்டும் திருத்தினால் போதும், மற்றவை கெடுவதில்லை.

1963இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை உருவாக்கி, திரையில் நேரடியாக வரைய முடியும் என்று காட்டினார். 1982இல் 'ஆட்டோகேட்' வெளிவந்து, சிறு கணிப்பொறியிலும் வரைவுப்பணி இயலும் என்ற நிலையை உண்டாக்கியது. அடுக்குகளுக்குப் பெயரிடுவதில் ஒவ்வோர் அலுவலகமும் தன் விருப்பப்படி நடந்ததால் எழுந்த குழப்பத்தைத் தீர்க்க, 1998இல் ஐ.எஸ்.ஓ. 13567 என்ற பன்னாட்டுத் தர விதி வெளியிடப்பட்டது. எனினும் இந்தியாவில் அடுக்குப் பெயர்களை நடைமுறையில் ஒழுங்குபடுத்தியது அந்தத் தர விதியன்று. நகராட்சிகளின் அனுமதி முறையே ஆகும். அது எவ்வாறு என்பதைக் காண்பதற்கு முன், அடுக்கின் இயல்புகளைச் சுருக்கமாக அறிதல் நலம்.

அடுக்கின் இயல்புகள்

புதிய கோப்பு ஒன்றைத் திறந்ததும் 'ஸீரோ' என்ற பெயருடைய அடுக்கு மட்டும் இருக்கும். அதை நீக்கவும் முடியாது. பெயர் மாற்றவும் முடியாது. நீளஅகல அளவுகளைக் குறிக்கத் தொடங்கியதும் 'டெஃப்பாயின்ட்ஸ்' என்ற மற்றோர் அடுக்கு தானாகவே தோன்றும். அதில் உள்ளவை திரையில் தெரியும்; தாளில் அச்சாவதில்லை. சுவர் ஒன்று திரையில் இருந்தும் அச்சுப்படியில் காணாமற்போனது என்று மாணவர்கள் முறையிடும்போது, பெரும்பாலும் அது இந்த அடுக்கில் வரையப்பட்டிருக்கும்.

ஏனைய அடுக்குகளை வரைவாளரே படைக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கிற்கும் பெயர், வண்ணம், கோட்டின் வகை, கோட்டின் தடிமன் ஆகியவை உண்டு. எந்நேரத்திலும் ஒரே ஓர் அடுக்குதான் நடப்பு அடுக்காக இருக்கும். வரையப்படும் எதுவும் அதில் சென்று சேரும். பிழைகளில் பெரும்பகுதி இங்குதான் தொடங்குகிறது. வாயிற்கதவு வரைந்து முடித்தவர், நடப்பு அடுக்கை மாற்ற மறந்து, அதே அடுக்கில் தூண்களையும் வரைந்துவிடுகிறார். திரையில் எல்லாம் சரியாகவே தெரிகிறது. ஏற்கெனவே சரியான அடுக்கில் உள்ள ஒரு பொருளைத் தொட்டு, அதன் அடுக்கை நடப்பு அடுக்காக்கும் கட்டளை உள்ளது. நீண்ட பட்டியலில் பெயர் தேடுவதைவிட இது விரைவானதும் பிழை குறைந்ததும் ஆகும்.

வண்ணமும் தடிமனும் 'பைலேயர்' என்ற நிலையில் இருக்குமாறு விடுவதே முறை. அதாவது பொருள் தன் அடுக்கின் தன்மையை அப்படியே ஏற்கும். தனித்தனிக் கோடுகளுக்கு வண்ணம் கொடுத்தால், கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும் கோடு எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று பின்னர் வருபவர் அறிய வழியில்லை. வண்ணம் ஒன்று கூறும். அடுக்கு வேறொன்று கூறும். வண்ணத்தை வைத்து அச்சுப்பொறியின் பேனாத் தடிமனை நிர்ணயிக்கும் பழக்கம் உள்ள அலுவலகங்களில் இக்குழப்பம் தாளிலும் வந்து சேரும்.

கதவு, ஜன்னல், கழிவறைக் கோப்பை முதலியவற்றை ஒருமுறை வரைந்து, தொகுதிகளாகச் சேமித்து, வேண்டுமிடத்தில் பொருத்துவது வழக்கம். இவற்றை 'ஸீரோ' அடுக்கில் வரைந்து சேமித்தால், பொருத்தப்படும் அடுக்கின் வண்ணத்தையும் தன்மையையும் அவை ஏற்கும். வேறோர் அடுக்கில் வரைந்து சேமித்தால், எங்குச் சென்றாலும் அந்த அடுக்கையும் உடன் சுமந்து செல்லும். பிறரிடமிருந்து பெற்ற கதவுத் தொகுதி ஒன்றைப் பொருத்தியதும் பட்டியலில் பத்துப் பதினைந்து அந்நிய அடுக்குப் பெயர்கள் முளைப்பது இதனால்தான்.

மறைத்தலும் உறைத்தலும்

அடுக்குகளைக் கண்ணிலிருந்து அகற்ற இரு வழிகள் உள்ளன. ஒன்று 'ஆஃப்' என்ற அணைப்பு. மற்றொன்று 'ஃப்ரீஸ்' என்ற உறைவு. திரையில் இரண்டும் ஒரே விளைவையே காட்டுவதால், இரண்டும் ஒன்றே என்று கருதுவோர் பலர். வேறுபாடு ஆபத்தான இடத்தில் உள்ளது.

ஒரு குடியிருப்பின் தரைத்தளப் படத்தில் கழிவுநீர்க் குழாய் அடுக்கை அணைத்துவிட்டு, திரையில் எஞ்சியுள்ள பழைய தளவாடப் படங்களை நீக்க எண்ணும் வரைவாளர், 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்ற 'ஆல்' கட்டளையுடன் அழிப்புக் கட்டளையைத் தருவதாகக் கொள்வோம். அணைக்கப்பட்ட அடுக்கில் உள்ள பொருள்களும் 'அனைத்தும்' என்ற சொல்லில் அடங்கும். கண்ணுக்குத் தெரியாத கழிவுநீர்க் குழாய்களும் சேர்ந்தே அழிந்துபோகும். மறுநாள் அடுக்கைத் திறந்து பார்க்கும்போது அது வெறுமையாக இருக்கும். உறைந்த அடுக்கிலும் பூட்டப்பட்ட அடுக்கிலும் உள்ளவை இக்கட்டளைக்கு அகப்படுவதில்லை. ஆகவே, பிறர் வரைந்ததும் தம் பணிக்குத் தேவையற்றதுமான அடுக்குகளை உறைநிலையில் வைத்தலே முறை. பார்க்க வேண்டும், ஆனால் தொடக் கூடாது என்பவற்றைப் பூட்டி வைக்கலாம். பூட்டிய அடுக்கு மங்கலாகத் தெரிவதோடு, அதிலுள்ள கோட்டின் முனையைப் பற்றி அளவெடுக்கவும் இயலும். ஒரு குறிப்பு: பூட்டிய அடுக்கில் உள்ளதைத் திருத்த முடியாதே தவிர, அதில் புதிதாக வரைய முடியும். பூட்டு முழுக் காவலன்று.

நடப்பு அடுக்கை உறைய வைக்க முடியாது, அணைக்க முடியும். அணைத்துவிட்டு வரைந்தால், வரைந்தவை உடனே மறைந்துபோகும். எச்சரிக்கை ஒன்று திரையில் தோன்றினாலும், அவசரத்தில் அதைப் படிப்போர் குறைவு.

தேர்வு செய்யும் முறைகள்

ஆயிரக்கணக்கான கோடுகள் கொண்ட படத்தில் ஓர் அடுக்கைச் சேர்ந்தவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கப் பல வழிகள் உண்டு. ஒரு பொருளைத் தொட்டு, அந்த அடுக்கைத் தவிர மற்றவற்றை மறைக்கும் 'ஐசொலேட்' முறை அன்றாடப் பணிக்கு மிகவும் ஏற்றது. ஒரு பொருளைக் காட்டி அதனையொத்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் கட்டளையும், 'வட்டங்கள் மட்டும், தூண் அடுக்கில் உள்ளவை மட்டும்' என்று நிபந்தனை விதித்துத் தேர்ந்தெடுக்கும் கட்டளையும் உள்ளன.

பிறர் அனுப்பிய கோப்பைச் சரிபார்க்கும் அலுவலருக்கு இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது 'லேயர் வாக்' எனப்படும் உலா முறை. பட்டியலில் ஒவ்வொரு பெயராகத் தொடத் தொட, அந்த அடுக்கில் உள்ளவை மட்டும் திரையில் தோன்றும். மனையின் எல்லை என்ற அடுக்கைத் தொட்டால் எல்லைக்கோடு மட்டும் தெரிய வேண்டும்; அதனுடன் இரண்டு படிக்கட்டுகளும் தெரிந்தால் எங்கோ தவறு உள்ளது என்பது ஒரு நிமிடத்தில் புலப்படும். அச்சுப்படியை மேசையில் விரித்து அளவுகோலால் அளந்த காலத்தில் இத்தகைய சோதனைக்கு வழியே இருந்ததில்லை.

பயன்படாத அடுக்குகளை நீக்கவும் இரு கட்டளைகள் உள்ளன. 'பர்ஜ்' வெறுமையான அடுக்குகளை மட்டுமே அகற்றும். மற்றொன்றான அடுக்கு நீக்கல் கட்டளை, அடுக்குடன் அதில் உள்ள பொருள்களையும் சேர்த்து அழித்துவிடும். பழகுநர் கையில் இரண்டாவதைத் தராமலிருப்பது நன்று.

அனுமதி அலுவலகத்தில் அடுக்கு

மகாராஷ்டிரத்தில் மும்பை மாநகராட்சி நீங்கலாகப் பெரும்பாலான நகரங்களுக்கும் பொதுவான ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சி இவ்விதிகளுக்கு உட்பட்டது. தொழில் வளர்ச்சிக் கழகத்தின் நிலங்கள் இவற்றுக்கு உட்பட்டவை அல்ல. அதாவது, டோம்பிவிலியில் சாலையின் ஒரு புறத்திற்கு ஒரு விதிநூலும் மறுபுறத்திற்கு வேறொரு விதிநூலும் பொருந்தும் இடங்கள் உண்டு.

இவ்விதிகளின்படி ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு நிர்ணயிக்கிறது. எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி, மனையின் பரப்பால் வகுத்தால் வருவது அது. தளத்தின் பரப்பைக் கணக்கிட, அத்தளத்தில் உள்ள கட்டுமானத்தின் வெளிச்சுற்றைக் குறிக்கும் 'பி-லைன்' என்ற ஒரு கோடு வரையப்பட வேண்டும். படிக்கட்டு, மின்தூக்கி வழி, பால்கனி ஆகியவையும் இக்கோட்டிற்குள் அடங்கும். முன்பிருந்த விதிகளில் பால்கனி முதலியவற்றுக்குத் தனி விலக்குகள் இருந்தன. விலக்குப் பெற்ற பால்கனிகள் கட்டடம் முடிந்ததும் கண்ணாடி வைத்து மூடப்பட்டு அறைகளாயின என்பதை மும்பைப் புறநகரின் எந்தத் தெருவிலும் நின்று அண்ணாந்து பார்ப்போர் அறிவர்.

புனே நகரில் உருவாகி, நாட்டின் பல மாநகராட்சிகளில் பயன்படும் 'ஆட்டோ டி.சி.ஆர்.' போன்ற ஆய்வு நிரல்கள் வரைபடத்தை மனிதர் பார்ப்பது போலப் பார்ப்பதில்லை. அவை அடுக்கின் பெயரைப் படிக்கின்றன. மனை எல்லை, சாலை, முன்மொழியப்பட்ட கட்டடம், தளம், அறை, படிக்கட்டு, மின்தூக்கி, வாகன நிறுத்தம், திறந்த வெளி என ஒவ்வொன்றுக்கும் நிர்ணயிக்கப்பட்ட அடுக்கு உண்டு. அந்தந்த அடுக்கில் மூடிய பலகோட்டு உருவமாக வரையப்பட்டிருந்தால் மட்டுமே நிரல் அதன் பரப்பைக் கணக்கிடும். கோட்டின் தொடக்கமும் முடிவும் ஒரே புள்ளியில் சேராமல் ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் அது மூடிய உருவமாகாது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 500 சதுர மீட்டர் மனை ஒன்றுக்கு அடிப்படைக் குறியீடு 1.1 எனில், கட்டக்கூடிய அடிப்படைப் பரப்பு 550 சதுர மீட்டர். தளத்திற்கு இரண்டு வீடுகளாக நான்கு தளங்கள். ஒவ்வொரு வீட்டிற்கும் 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உடைய ஒரு பால்கனி. ஒன்றின் பரப்பு 3.6 சதுர மீட்டர்; எட்டுக்கும் சேர்த்து 28.8 சதுர மீட்டர். பால்கனிகளைத் தளப்பரப்பு அடுக்கிற்கு வெளியே, அலங்கார வேலைக்குரிய அடுக்கில் வரைந்துவிட்டால், அனுமதிக்கப்பட்ட பரப்பில் ஐந்து சதவிகிதத்திற்கும் மேற்பட்ட பகுதி கணக்கில் வாராமற்போகும். அச்சுப்படியில் பால்கனி தெளிவாகவே தெரியும். கண்ணால் பார்ப்பவர் குறை காண மாட்டார். கணக்கிடும் நிரலுக்கோ அது இல்லாத பொருள். இது கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா என்று கோப்பைப் பார்த்துக் கூற இயலாது. ஆகவேதான் அடுக்கை வாக்குமூலம் என்று மேலே குறிப்பிட நேர்ந்தது.

வேறொரு வகையில் இம்முறை பழைய சூழ்ச்சி ஒன்றைத் தடுத்திருக்கிறது. கணிப்பொறி வரைபடத்தில் ஓர் அளவைக் குறிக்கும் எண்ணை மாற்றி எழுத முடியும். கோட்டின் உண்மை நீளம் 2.6 மீட்டராக இருக்க, அதன் மேல் 3.0 என்று எழுதிவிடலாம். தாளில் அச்சிட்டால், சிறிய அளவுத்திட்டத்தில் இவ்வேறுபாடு கண்ணில் படாது. எழுதிய எண்ணே செல்லும். பக்க இடைவெளி 3 மீட்டர் என்று எழுதி 2.6 மீட்டர் விட்டுக் கட்டுவது இவ்வாறே எளிதாயிற்று. ஆய்வு நிரல் எழுதிய எண்ணைப் பொருட்படுத்துவதில்லை; மனை எல்லை அடுக்கிற்கும் கட்டட அடுக்கிற்கும் இடையிலுள்ள தொலைவை நேரடியாக அளக்கிறது. தீயணைப்பு வண்டி நுழையும் இடைவெளி என்ற வகையில், இந்த 40 சென்டிமீட்டர் சிறிய விஷயமன்று.

பெயர்களை நிர்ணயிக்கப்பட்ட வடிவிற்குக் கொண்டுவருவது அலுவலகங்களுக்குக் கூடுதல் சுமையாகவே உள்ளது. தம் வழக்கப்படி ஐம்பது அடுக்குகளில் வரைந்த கட்டடக் கலைஞர், அனுமதிக்காக மீண்டும் ஒரு படத்தை நகராட்சியின் அடுக்குகளில் தயாரிக்கிறார். இதனால் ஒரே கட்டடத்திற்கு இரு கோப்புகள் உருவாகின்றன: கட்டுவதற்கு ஒன்று, காட்டுவதற்கு ஒன்று. கட்டுமானம் நடக்கும்போது ஏற்படும் மாற்றங்கள் முதற்கோப்பில் மட்டும் ஏறுகின்றன. இந்தப் பிளவைத் தவிர்க்க, தொடக்கத்திலிருந்தே நகராட்சியின் பெயர்களைக் கொண்ட மாதிரிக் கோப்பில் வரையத் தொடங்குவதே சிறந்த வழி. ஏற்கெனவே வரைந்துவிட்டவர்களுக்கு அடுக்குப் பெயர்மாற்றக் கட்டளை உதவும். 'சுவர்-9' என்பதை எந்தப் பெயருக்கு மாற்ற வேண்டும் என்ற பட்டியலை ஒருமுறை தயாரித்துச் சேமித்தால், அடுத்தடுத்த கோப்புகளுக்கும் அதையே பயன்படுத்தலாம்.

தமிழ்நாட்டிலும் இதே போக்குக் காணப்படுகிறது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் கீழ், ஒற்றைச் சாளர முறையில் திட்ட அனுமதி கோருவோர் வரைபடத்தை ஆய்வு நிரலுக்கேற்ற அடுக்கு வடிவில் தயாரித்துப் பதிவேற்றுகின்றனர். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறை வந்துள்ளது. அம்முறையில் விண்ணப்பதாரரின் வாக்கே சான்றாவதால், வரைபடத்தின் ஒழுங்கு முன்னிலும் முக்கியமாகிறது.

மூன்று வரைபடங்களை இணைத்தல்

டோம்பிவிலியின் தொழிற்பேட்டையில் 2016 மே 26 அன்றும் 2024 மே 23 அன்றும் வேதிப்பொருள் தொழிற்சாலைகளில் நேர்ந்த வெடி விபத்துகளில் பலர் உயிரிழந்தனர். தொலைவிலிருந்த குடியிருப்புகளிலும் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. தொழிற்பேட்டை தோன்றியபோது சுற்றிலும் வயல்களும் கிராமங்களும் இருந்தன. பின்னரே வீடுகள் சுவர் வரை நெருங்கின. எந்தத் தொழிற்சாலையிலிருந்து எத்தனை மீட்டருக்குள் எத்தனை வீடுகள் உள்ளன என்று கணக்கிட, மாநகராட்சியின் படமும் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் படமும் 27 கிராமங்களின் படமும் ஒரே திரையில் பொருந்த வேண்டும்.

இதற்குரிய வழி, ஒவ்வொரு படத்தையும் வெளிக்கோப்பாக இணைத்தல். அவ்வாறு இணைக்கும்போது, ஒவ்வோர் அடுக்கின் பெயருக்கு முன்னும் அது வந்த கோப்பின் பெயர் தானாகவே சேரும். இரு படங்களிலும் 'சாலை' என்ற அடுக்கு இருந்தாலும் இரண்டும் கலந்துவிடுவதில்லை. எந்தச் சாலைக்கோடு எந்த அமைப்பால் வரையப்பட்டது என்பது பெயரிலேயே நிற்கும். மூலப்படம் திருத்தப்பட்டால் இணைத்த படத்திலும் திருத்தம் வந்து சேரும். சிலர் வேலையைச் சுருக்க எண்ணி, இப்படங்களைத் தம் கோப்பிற்குள் முழுவதுமாகச் செருகி, ஒரே பெயருள்ள அடுக்குகளை ஒன்றாக்கிவிடுகின்றனர். இரண்டு சாலைக்கோடுகள் இரண்டு மீட்டர் விலகியிருந்தால், எது யாருடையது என்று கேட்க அதன் பிறகு வழியில்லை. எல்லைத் தகராறுகளில் அந்த இரண்டு மீட்டர்தான் வழக்கின் பொருளாக இருக்கும்.

மற்றொரு முன்தேவை பொதுவான ஆயத்தொலைவு. வரைவாளர்கள் பெரும்பாலும் மனையின் மூலையைத் தொடக்கப்புள்ளியாகக் கொண்டு வரைகின்றனர். தனிக்கட்டடத்திற்கு அது போதும். நகரத்துடன் பொருத்தும்போது போதாது. உலகளாவிய குறுக்கு மெர்கேட்டர் முறையில் மும்பை வட்டாரம் 43ஆம் மண்டலத்தைச் சேர்ந்தது. சென்னை 44ஆம் மண்டலம். மண்டலங்களைப் பிரிக்கும் 78ஆம் கிழக்குத் தீர்க்கக்கோடு தமிழ்நாட்டின் நடுவே செல்வதால், கோயம்புத்தூர் 43இலும் மதுரை 44இலும் விழுகின்றன. டோம்பிவிலிக்கு அத்தகைய சிக்கல் இல்லை. 2015இல் தொடங்கிய அம்ருத் திட்டத்தின் ஓர் அங்கமாக, நகரங்களுக்கு 1:4000 அளவுத்திட்டத்தில் புவித்தகவல் அடிப்படையிலான பெருந்திட்டங்கள் தயாரிக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. ஆயினும், அந்த அளவுத்திட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் நான்கு மீட்டர். பக்க இடைவெளியைச் சரிபார்க்க அப்படம் உதவாது. கட்டடப் படத்தையும் நகரப் படத்தையும் ஒரே திரையில் வைத்தாலும், இரண்டின் துல்லியம் ஒன்றன்று என்பதை அடுக்கின் விளக்கக் குறிப்பில் எழுதி வைப்பது அவசியம். அடுக்குப் பட்டியலில் விளக்கத்திற்கென்று தனிக் கட்டம் உண்டு. பெரும்பாலான கோப்புகளில் அது வெறுமையாகவே கிடக்கிறது.

அடுக்கின் எல்லை

அடுக்கு ஒழுங்கு எல்லாக் குறைகளையும் களையும் என்று கருதுவது தவறு. டோம்பிவிலியிலேயே அதற்குச் சான்று உண்டு. போலியான பணித்தொடக்கச் சான்றிதழ்களைக் காட்டி, மகாராஷ்டிர மனைவணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்று, இந்நகர்ப் பகுதியில் 65 கட்டடங்கள் எழுப்பப்பட்டது வெளிவந்தது. ஆணையத்தின் பதிவு எண்ணை நம்பியும், வங்கிக் கடன் கிடைத்ததை நம்பியும் அங்கு வீடு வாங்கிய குடும்பங்கள் பல. 2024 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அக்கட்டடங்களை இடிக்க ஆணையிட்டது. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கியவர்கள் மாதத் தவணையும் கட்டிக்கொண்டு, வீட்டையும் இழக்கும் நிலைக்கு உள்ளாயினர்.

இங்குத் தவறு அடுக்கில் நேரவில்லை. நகராட்சியின் ஆய்வுக்கே வாராத கட்டடத்தை எந்த நிரலாலும் ஆய்வு செய்ய முடியாது. சான்றிதழ் தாளாக மட்டும் கைமாறிய வரையில், அதன் பின்னால் ஆய்வு செய்யப்பட்ட வரைபடம் ஒன்று உண்டா என்று எவரும் கேட்கவில்லை. அந்த வினாவைக் கேட்கும் வசதி இப்போது இருக்கிறது. வீடு வாங்குவோர், விற்பவரிடம் சான்றிதழின் நகலை மட்டும் பெறாமல், அச்சான்றிதழ் எந்த விண்ணப்ப எண்ணின் கீழ் வழங்கப்பட்டது என்று கேட்டு, அந்த எண்ணைக் கொண்டு நகராட்சியில் நேரில் சரிபார்க்கலாம். கடன் வழங்கும் வங்கியின் பொறியாளரும், மதிப்பீட்டிற்காகச் செல்லும்போது தளங்களின் எண்ணிக்கையையும் பக்க இடைவெளியையும் ஏற்பளிக்கப்பட்ட படத்துடன் ஒப்பிட இயலும். அதற்கு அவர் கையில் இருக்க வேண்டியது அச்சுப்படி மட்டுமன்று. அடுக்குகளுடன் கூடிய கோப்பு.

பணி முடிந்தபின்

கட்டடம் முடிந்து நிறைவுச் சான்று கோரும்போது, கட்டியபடியான படம் ஒன்று அளிக்கப்பட வேண்டும். நடைமுறையில் பலர் ஏற்பளிக்கப்பட்ட படத்தின் தலைப்பை மட்டும் மாற்றி அளிக்கின்றனர். கோப்பை முறையாகப் பேண விரும்பும் அலுவலகம் வேறு வழியைக் கையாளலாம். ஏற்பளிக்கப்பட்ட அடுக்குகள் அனைத்தையும் பூட்டிவிட்டு, கட்டும்போது நேர்ந்த மாற்றங்களுக்கென்று தனி அடுக்குகளைத் திறந்து, அவற்றின் பெயரில் மாற்றம் நேர்ந்த ஆண்டையும் மாதத்தையும் சேர்த்தால், எது ஏற்பளிக்கப்பட்டது, எது பின்னர் வந்தது என்பது ஒரே கோப்பில் நிற்கும். அடுக்குகளின் நிலையை அப்படியே பெயரிட்டுச் சேமிக்கும் வசதியும் உண்டு. 'ஏற்பளித்தபடி', 'கட்டியபடி', 'கழிவுநீர்' என மூன்று நிலைகளைச் சேமித்து வைத்தால், பின்னாளில் குழாய் உடைப்பைச் சரிசெய்ய வரும் நகராட்சிப் பணியாளர் ஒரு சொடுக்கில் தமக்கு வேண்டியதைக் காணலாம்.

முப்பது ஆண்டுகள் கழித்து அக்கட்டடம் மறுகட்டுமானத்திற்கு வரும்போது, நிலத்தடியில் எந்தக் குழாய் எங்கே செல்கிறது என்று தெருவைத் தோண்டிப் பார்ப்பதே டோம்பிவிலியின் பழைய கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் இன்றுள்ள நிலை. அச்சங்கங்களின் அலமாரிகளில் நீலப்படங்கள் மட்கிக் கிடக்கின்றன. அவற்றை ஒளிப்படமாக்கிக் கணிப்பொறியில் ஏற்றினால், கிடைப்பது ஒரே அடுக்கில் ஒட்டிய ஒரு படம். சுவர், குழாய், எழுத்து எல்லாம் ஒன்றாகவே கிடக்கும். அதன் மேல் ஒவ்வொரு கோடாக மீண்டும் வரைந்து, உரிய அடுக்கில் சேர்ப்பதற்கு ஒரு வரைவாளருக்குச் சில நாள்கள் பிடிக்கும். கள அளவை எடுத்து ஒப்பிட மேலும் சில நாள்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் கட்டட வரைவாளர் பயிற்சி முடித்து வெளிவரும் மாணவர்களுக்கு இது கைகொடுக்கும் பணி. முதலில் மனை எல்லை அடுக்கையும் கழிவுநீர் அடுக்கையும் முடித்துவிட்டு, மற்றவற்றைப் பின்னர் எடுத்துக்கொள்வது செலவுக்கும் ஏற்றதாக இருக்கும்.